எங்கும் போகாத படிக்கட்டு: தாமசன் என்றால் என்ன?

படிக்கட்டு என்றால் அது எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கதவு என்றால் அதன் வழியாக யாராவது வந்துபோக வேண்டும். பாலம் என்றால் கீழே ஏதாவது ஓட வேண்டும். இந்த வேலை எதையும் செய்யாமல், இடிக்கப்படாமலும் பாழாகாமலும், யாரோ ஒருவருடைய கவனிப்பில் நல்லபடியாக நின்றுகொண்டிருக்கும் கட்டடத் துண்டுகள் உலகெங்கும் இருக்கின்றன. ஜப்பானில் அவற்றுக்கு ஒரு பெயர் உண்டு: தாமசன்.

டோக்கியோவில் சில நண்பர்கள் தெருவில் நடந்தபடி கண்டெடுத்த கருத்து இது. கலை வரலாறு, கட்டடக் கலை எதுவும் தெரியாதவர்களுக்கும் உடனே பிடிபட்டுவிடும். ஒரு படிக்கட்டிலிருந்து தொடங்கினால் போதும்.

1972-ஆம் ஆண்டு. டோக்கியோவின் யோத்சுயா பகுதியில் கென்பெய் அகாசெகவா என்ற கலைஞர் இரண்டு நண்பர்களோடு மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு விடுதி. அதன் வெளிச்சுவரை ஒட்டி ஒரு சிறிய படிக்கட்டு. இடது பக்கம் சில படிகள் ஏறினால் மேலே ஒரு குட்டி மேடை, வலது பக்கம் சில படிகள் இறங்கினால் மறுபடியும் அதே தெரு. மேடையிலிருந்து உள்ளே போகலாம் என்று பார்த்தால் கதவு இல்லை. ஏறலாம், இறங்கலாம், அதற்குமேல் அந்தப் படிக்கட்டால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

இதுவரைக்கும் பெரிய அதிசயம் இல்லை. கதவை அடைத்தவர்கள் படியை இடிக்காமல் விட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு நாமெல்லாம் சாப்பிடப் போயிருப்போம். அகாசெகவாவை நிறுத்தியது கைப்பிடி. மரத்தாலான அந்தக் கைப்பிடியில் ஒரு பகுதி சேதமாகியிருந்தது. அந்தத் துண்டை மட்டும் நீக்கிவிட்டு, அதே அளவுக்குப் புது மரம் வைத்துச் சரிசெய்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கருத்தும் இந்த மரத்துண்டில்தான் இருக்கிறது. கைப்பிடி எதற்கு? ஏறி இறங்குகிறவர்கள் விழாமல் இருக்க. இந்தப் படியில் ஏற யாருக்கும் காரணம் இல்லை. ஆனாலும் யாரோ ஒருவர் பழுதைக் கவனித்திருக்கிறார். ஒரு தச்சர் வந்து அளவெடுத்து, மரம் அறுத்து, பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். கூலி கொடுக்கப்பட்டிருக்கிறது. பயனே இல்லாத ஒன்றுக்குப் பராமரிப்பு மட்டும் தொடர்கிறது. அகாசெகவா அந்தப் படிக்கட்டுக்குத் 'தூய படிக்கட்டு' என்று பெயர் வைத்தார். எங்கும் கொண்டுபோகும் கடமை இல்லாததால், அது வெறும் ஏறுதலும் இறங்குதலுமாக மட்டுமே மிஞ்சி நின்றது.

அடுத்த ஆண்டு எகோடா ரயில் நிலையத்தில் இன்னொன்று கிடைத்தது. பயன்பாட்டில் இல்லாத ஒரு டிக்கெட் கவுன்டர், ப்ளைவுட் பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாகக் காசும் டிக்கெட்டும் கைமாறிக் கைமாறி, அந்தக் கவுன்டரின் அடித்தளம் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. நேராக அறுத்த பலகையை வைத்தால் அடியில் இடைவெளி தெரியும். அடைத்தவர் அப்படி விடவில்லை. பலகையின் அடிப்பக்கத்தை அந்தத் தேய்மானத்தின் வளைவுக்கு ஏற்றபடியே அறுத்துப் பொருத்தியிருந்தார். இனி யாருமே பயன்படுத்தப்போவதில்லை என்று முடிவான ஒரு சாளரத்துக்கு இவ்வளவு நுணுக்கம். என்னைக் கேட்டால், மூன்று ஆரம்பகாலக் கண்டுபிடிப்புகளில் இதுதான் மிக அழகானது. மூன்றாவது ஒச்சனோமிசுவில் ஒரு மருத்துவமனையின் வாயில்: தூண்கள், மேல்விதானம் எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் ஆள் நுழைய வேண்டிய இடம் மட்டும் கான்கிரீட்டால் நிரப்பப்பட்டிருந்தது.

மூன்று நிபந்தனைகள்

இப்படிச் சேர்ந்த உதாரணங்களிலிருந்து ஒரு வரையறை உருவானது. ஒரு பொருள் தாமசன் ஆக வேண்டுமென்றால் அது நிலத்தோடோ கட்டடத்தோடோ ஒட்டியிருக்க வேண்டும். அதனால் எந்தப் பயனும் இருக்கக் கூடாது. அப்படியிருந்தும் அது அழகாகப் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுவார்கள். கூரை விழுந்த வீடு தாமசன் அல்ல. அது இடிபாடு, அதைக் கைவிட்டுவிட்டார்கள், கதை முடிந்தது. செடி முளைத்துக் கிடக்கும் பழைய தொழிற்சாலையும் அப்படித்தான். தாமசன் கைவிடப்படாதது. அதற்குப் புது வண்ணம் பூசியிருக்கும், விரிசலில் சிமென்ட் அடைத்திருக்கும், துரு சுரண்டப்பட்டிருக்கும். பயனின்மை என்பது பாதிதான். அக்கறையும் சேர்ந்தால்தான் முழுமை.

வேறு சில உதாரணங்களை வைத்து உரசிப் பார்த்தால் வரையறை இன்னும் தெளிவாகும். ஐரோப்பாவின் பழைய பிரபுக்கள் சிலர் தங்கள் தோட்டங்களில் அழகுக்காகவே போலிக் கோட்டைகளையும் செயற்கை இடிபாடுகளையும் கட்டினார்கள். அவற்றில் யாரும் குடியிருந்ததில்லை, நன்றாகவும் பராமரிக்கப்படுகின்றன. ஆனாலும் அவை தாமசன் ஆகாது. பார்த்து ரசிப்பதற்கென்றே கட்டியதால், ரசனைதான் அவற்றின் பயன். தாமசனை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது. செய்தால் அந்தக் கணமே அது வேறொன்றாகிவிடும்.

இங்கிலாந்தில் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள் கொஞ்சம் சிக்கலான வழக்கு. அங்கே 1696-இல் ஜன்னல்களின் எண்ணிக்கையை வைத்து வீட்டு வரி கொண்டுவந்தார்கள். வரியைக் குறைக்கப் பலர் ஜன்னல்களை அடைத்தார்கள். 1851-இல் வரி ஒழிந்தது, அடைப்புகள் பல அப்படியே நின்றுவிட்டன. சட்டமே போய்விட்ட பிறகு, சட்டத்துக்காக வைத்த செங்கலுக்கு இன்றும் வெள்ளையடிக்கிறார்கள் என்றால் அதைத் தாமசன் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அங்கே காணும் குருட்டு ஜன்னல்கள் எல்லாமே வரியால் வந்தவை அல்ல. முகப்பு இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று முதலிலேயே போலியாகக் கட்டியவையும் உண்டு. அவை அலங்காரம், கணக்கில் வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் ஒரு தாமசனை உறுதிசெய்ய அதன் வரலாறும் தேவைப்படுகிறது.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருக்கும் வின்செஸ்டர் மாளிகையையும் பலர் கேட்பார்கள். கூரையில் போய் முட்டும் படிக்கட்டு, திறந்தால் அந்தரத்தில் நிற்கும் கதவு எல்லாம் அங்கே உண்டு. அந்த வீட்டு உரிமையாளர் 1886-இலிருந்து 1922-இல் இறக்கும்வரை கட்டடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். ஆவிகளுக்குப் பயந்து கட்டினார் என்ற கதைதான் சுற்றுலாப் பயணிகளிடம் பிரபலம். ஆனால் 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீட்டின் மேல்தளங்கள் விழுந்தன, திரும்பக் கட்டப்படவில்லை. மேல்தளம் போன பிறகு அதற்குப் போன வழிகள் மட்டும் மிஞ்சும் என்பது ஆவிக் கதையைவிட எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. அப்படி மிஞ்சியவை தாமசனின் வரையறைக்கு நெருங்கி வருபவைதான்.

கணினி விசைப்பலகையில் பெரும்பாலோர் தொடாத 'ஸ்க்ரோல் லாக்' பொத்தான்? நிலத்தோடு ஒட்டாதது, ஆகவே சேராது. இந்த முதல் நிபந்தனை சிலருக்குத் தேவையற்ற கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது. பயனில்லாத சிறு பொருளைப் பெட்டியில் போட்டுவிடலாம், யாருக்காவது கொடுத்துவிடலாம். சுவரோடு ஒட்டிய கதவை அப்படிச் செய்ய முடியாது. இடிக்கப் பணம் வேண்டும், வைத்திருக்கவும் பணம் வேண்டும். அந்த இக்கட்டில்தான் தாமசன் பிறக்கிறது.

இது எப்படிக் கலையாகும்?

அகாசெகவா இவற்றை 'மீகலை' என்று வகைப்படுத்தினார். கலையைத் தாண்டிய கலை. அவருடைய விளக்கம் இப்படிப் போகிறது: கலைப்பொருளை ஒரு கலைஞர், கலை என்று தெரிந்தே செய்கிறார். மீகலையைச் செய்தவருக்கு அது கலை என்றே தெரியாது. யோத்சுயா தச்சர் கைப்பிடியைத்தான் சரிசெய்தார், சிற்பம் செய்யவில்லை. ஆகவே மீகலைக்குப் படைப்பாளி கிடையாது. கண்டுபிடிப்பவர் மட்டுமே உண்டு.

இந்த எண்ணம் அவருக்குத் திடீரென்று வந்துவிடவில்லை. 1960-களில் அவர் செய்தவற்றைப் பார்த்தால் பாதை தெரியும். 1963-இல் தன் கண்காட்சிக்கான அழைப்பிதழாக ஆயிரம் யென் நோட்டின் ஒரு பக்கத்தை அச்சடித்தார். அது வழக்காகி, நீதிமன்றத்தில் கலை என்றால் என்ன என்ற விவாதமே நடந்தது. 1967-இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, ஹை ரெட் சென்டர் என்ற அவருடைய குழுவினர் வெள்ளை அங்கி அணிந்து கின்சா பகுதியின் நடைபாதையைத் துடைப்பமும் துணியுமாகச் சுத்தம் செய்தார்கள். அதுதான் அவர்களின் கலை நிகழ்ச்சி.

அதே ஆண்டில் அவர் செய்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நண்டுத் தகர டப்பாவைத் திறந்து காலிசெய்தார். வெளியே ஒட்டியிருந்த லேபிளை உரித்து, டப்பாவின் உட்புறம் ஒட்டினார். மறுபடி மூடிப் பற்றவைத்துவிட்டார். லேபிள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் டப்பாவின் வெளிப்பக்கம். அப்படியானால் இப்போது டப்பாவுக்குள்ளே இருப்பது எது? நாம், இந்த அறை, நிலா, நட்சத்திரங்கள், எல்லாம். 'பிரபஞ்ச டப்பா' என்று பெயர். ஒரு லேபிளை இடம் மாற்றி உலகத்தையே அடைத்துவிட்ட மனிதருக்கு, ஒரு கைப்பிடியில் கலை தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

பேஸ்பால் வீரரின் பெயர்

கேரி தாமசன் அமெரிக்காவின் முக்கிய லீகில் ஆடிய பேஸ்பால் வீரர். 1981-இல் டோக்கியோவின் யோமியுரி ஜயன்ட்ஸ் அணி அவரைப் பெரும் சம்பளத்துக்குக் கொண்டுவந்தது. அவர் பலமாக மட்டையை வீசுவார். பந்து பல நேரம் படாது. தொடர்ந்து ஸ்ட்ரைக் அவுட் ஆனார். 1982-இல் காயமும் சேர்ந்துகொண்டது. அணியில் இடம் இருந்தது, சம்பளம் இருந்தது, மரியாதை இருந்தது. எதிர்பார்த்த பயன் மட்டும் இல்லை. அகாசெகவாவும் அவருடைய மாணவர்களும் தங்கள் படிக்கட்டுகளுக்கும் கதவுகளுக்கும் இவர் பெயரையே சூட்டினார்கள்.

அந்த வீரருக்கு இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். முதல் ஆண்டில் அவர் 20 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர்போல எல்லையைத் தாண்டும் அடி) அடித்தார், அது குறைந்த எண்ணிக்கை அல்ல. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. 1983-இலிருந்து அகாசெகவா ஒரு புகைப்பட இதழில் இதைப் பற்றித் தொடர் எழுத, வாசகர்கள் தங்கள் ஊர்களில் கண்டவற்றைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். எங்கே, எப்போது, யார் பார்த்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று நிரப்பப் படிவமே இருந்தது. 1985-இல் அது நூலானது.

படங்கள் குவிந்ததும் வகைகள் பிரிந்தன. எளிதில் கண்ணில் படுவது உயரக் கதவு: மூன்றாவது மாடியில், பால்கனியோ படியோ இல்லாமல், தாழ்ப்பாளோடு ஒரு கதவு. வெளியே ஒருகாலத்தில் இரும்புப் படிக்கட்டு இருந்திருக்கும். அது துருப்பிடித்து ஆபத்தானதும் கழற்றியிருப்பார்கள். கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்புவது தனிச்செலவு, அதனால் கதவு தங்கிவிடும். மழை இறங்கக் கூடாதே என்று அதற்கு வண்ணமும் அடித்துவிடுவார்கள்.

சன்ஷேடு இன்னொரு வகை. கீழே இருந்த ஜன்னலோ தபால்பெட்டியோ போய்விட, வெறும் சுவரை மழையிலிருந்து காத்துக்கொண்டு சன்ஷேடு மட்டும் நிற்கும். ஜன்னலை அடைத்த இடம் சுவரைவிடச் சற்றுப் புடைத்து, செவ்வகக் கட்டியாகத் துருத்திக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு வகை உண்டு. ஜப்பானில் விற்கும் காஸ்டெல்லா என்ற கேக்கின் பெயர் அதற்கு. ஒட்டியிருந்த பக்கத்து வீட்டை இடித்த பின், அதன் கூரைச் சரிவும் புகைபோக்கியும் எஞ்சிய சுவரில் வரைபடம்போலப் பதிந்திருப்பது வேறு வகை. ஹிரோஷிமா சுவர்களில் பதிந்த நிழல்களை நினைத்து அதற்கு அணுகுண்டு வகை என்று பெயரிட்டார்கள். இரும்பு வேலியை மெல்ல விழுங்கும் மரங்களுக்குக்கூட ஒரு வகை ஒதுக்கினார்கள்.

நதி இல்லாத பாலங்களும் டோக்கியோவில் உண்டு. 1964 ஒலிம்பிக்குக்கு முன் நகரின் பல சிற்றாறுகளை மூடி மேலே சாலை போட்டார்கள். ஹராஜுகுவில் கடைகள் வரிசையாக நிற்கும் கேட் ஸ்ட்ரீட் என்ற தெரு, ஷிபுயா ஆற்றின் மேல்தான் ஓடுகிறது. அங்கே இருந்த பாலத்தின் கல்தூண்கள் இன்னும் ஓரமாக நிற்கின்றன.

டோக்கியோவில் இவ்வளவு கிடைத்ததற்குக் காரணம் அந்தக் காலத்தின் வேகம். நிலமதிப்பு ஏறிக்கொண்டே போக, பழைய குடியிருப்புகளை மொத்தமாக இடித்துப் பெருங்கட்டடங்கள் எழுந்தன. அஸாபுவில் ஒரு பேட்டை முழுவதும் அப்படி இடிபட்டபோது, ஒரு பொதுக் குளியலறையின் புகைபோக்கி மட்டும் தனியாக எஞ்சி நின்றது. அகாசெகவாவோடு தாமசன் தேடிய குழுவில் இருந்த அகிஹிகோ ஈமுரா என்ற புகைப்படக்காரர் எந்தப் பாதுகாப்புமின்றி அதன் உச்சிக்கு ஏறி, விளிம்பில் நின்று, மீன்கண் லென்ஸ் வழியே தன்னையே படமெடுத்தார். படத்தில் புகைபோக்கியின் வாய், அதன்மேல் நிற்கும் மனிதர், கீழே சுருங்கிப்போன நகரம் எல்லாம் ஒன்றாகத் தெரியும். அந்த இடத்தில் பிறகு 1986-இல் ஆர்க் ஹில்ஸ் வளாகம் வந்தது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். தாமசன் பார்ப்பதற்கு நிமிர்ந்து பார்க்கும் கண் போதும்.

அதே 1986-இல் அகாசெகவாவும் கட்டடக் கலை வரலாற்றாளர் தெருனோபு ஃபுஜிமோரியும் இன்னும் சிலரும் சேர்ந்து தெருக் கவனிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மேன்ஹோல் மூடிகளைத் தேடித்தேடிப் படமெடுத்தவர், இடிக்கப்படும் கட்டடங்களிலிருந்து ஓடும் கல்லுமாகத் துண்டுகள் சேகரித்தவர் என்று அதில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தேடல் இருந்தது.

எப்படித் தேடுவது?

முதலில் நடக்க வேண்டும். வண்டியில் போனால் கிடைக்காது. கண்ணை முதல் மாடிக்கு மேலே உயர்த்திக்கொள்ளுங்கள். தரைத்தளத்தைக் கடைக்காரர்கள் அடிக்கடி மாற்றிவிடுவார்கள், மேலே இருப்பவைதான் நீண்ட நாள் தங்கும். விரிவுபடுத்திய சாலைகளின் ஓரம், பல தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கட்டிய வீடுகள், பழைய ரயில் நிலையங்கள், மருத்துவமனைகள் எல்லாம் நல்ல இடங்கள். ஒரே நாளில் திட்டமிட்டு எழுப்பிய புதுக் குடியிருப்பில் கிடைப்பது அரிது, ஏனென்றால் அங்கே இன்னும் எதுவும் தன் வேலையை இழக்கவில்லை.

விநோதமாக ஒன்று தென்பட்டால் உடனே பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். பக்கத்தில் போய்ப் பராமரிப்பின் தடயத்தைத் தேடுங்கள். சுற்றுச்சுவரும் அதுவும் ஒரே நிறத்தில், ஒரே சமயம் வண்ணம் பூசப்பட்டிருக்கிறதா? ஆணிகளில் புதியவை உண்டா? விரிசலை யாராவது அடைத்திருக்கிறார்களா? இருந்தால் அந்த இடத்தை நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், முழுத் தோற்றத்தைத் தூரத்திலிருந்து இன்னொரு படம். இடமும் தேதியும் குறித்து வையுங்கள். தனியார் வீடு என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

முடிந்தால் அங்கே இருப்பவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முன்பு இது என்னவாக இருந்தது, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல பதில் வரும். வண்ணம் பூச வந்தவர் சேர்த்தே பூசிவிட்டார், அப்பா காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது என்பார்கள். சில நேரம் பதில் உங்கள் கண்டுபிடிப்பையே ரத்துசெய்துவிடும்: அந்த உயரக் கதவின் வழியாகத்தான் கட்டில், பீரோவெல்லாம் கயிறு கட்டி மேலே ஏற்றுகிறோம் என்று சொன்னால், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் கதவு. பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள்.